சனிக்கிழமை மொனிட்டர்

இந்தத் தீவில் பள்ளிக்கூடம் என்று ஒன்று தொடங்கிய நாள் முதல் எங்கள் மொனிட்டரைப் போல வகுப்பை நேசித்த மாணவர் பிறந்ததில்லை. எங்களோடு படிக்க வந்தபோது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். கற்பிட்டிப் பக்கம் ஒரு பெரிய பாடசாலையின் பிரதி அதிபர். அவர் வாசலில் நின்று ஒருமுறை இருமினால் மேல்மாடிவரை அடங்கிவிடும் என்பார்கள்.

நாங்கள் எல்லோரும் வாரநாளில் படிப்பித்துவிட்டுச் சனிக்கிழமையில் படிக்கிற ஆசிரியர்கள். பல்கலைக்கழகம் எங்கோ தூரத்தில் இருந்தது. கல்வி முதுமாணிப் படிப்பை மட்டும் புத்தளத்துக்கு அனுப்பிவைத்திருந்தது. அதற்குக் கிடைத்த இடமோ ஒரு பாடசாலையின் ஆரம்பப் பிரிவு. சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருப்போம். தலைக்கு மேலே பிள்ளைகள் வெட்டித் தொங்கவிட்ட கடதாசி நட்சத்திரங்கள் களப்புக் காற்றில் சுழலும். பாடத்துக்குப் பாடம் தானாக அடிக்கும் மின்மணிக்குச் சனிக்கிழமையென்று தெரியாது. அது அடித்ததும், விரிவுரையாளரை அந்தரத்தில் விட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போக அத்தனை பேரும் எழுந்துவிடுவோம். உடம்பில் ஊறிய பழக்கம்.

முதல் நாளே இந்தப் பிரதி அதிபர் கரும்பலகையின் மூலையில் கோடு போட்டு, ‘பிந்தி வந்தோர்’ என்று தலைப்பிட்டார். கொழும்பிலிருந்து வந்த இளம் விரிவுரையாளர் பஸ் தாமதித்து ஓடிவந்து பார்த்தால், முதலாவது பெயர் அவருடையது.

“இது ஆர் எழுதின?”

கடைசி வாங்கிலிருந்து இவர் எழும்பினார். “நான்தான் சேர். மொனிட்டர்.”

விரிவுரையாளர் பையை இறக்கிவைத்தார். “மன்னிக்கோணும் மொனிட்டர். இனிப் பிந்த மாட்டன்.”

அன்று ஒட்டிய பெயர்தான். அவருடைய சொந்தப் பெயரைப் பிறகு யாரும் தேடவில்லை.

வரவு இடாப்பில் எங்களுக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். எலுவன்குளம், உடப்பு என்று கூப்பிடுவார். எழும்பி நின்று ‘வந்திருக்கன் சேர்’ சொல்ல வேண்டும். நான் ஆலங்குடா. ஒருநாள் பிந்திப்போய் வாசலில் கால் வைக்கிறேன். யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கழுதையைக் கைகாட்டினார்.

“டவுன் கழுதையே நேரத்துக்கு வந்துட்டு. ஆலங்குடா இப்பதான் வாறா.”

“சேர், காத்துக்கு மரம் விழுந்து ரோட்ட மறிச்சிட்டு.”

“காத்துக்கிட்ட கடிதம் வாங்கி வந்தீங்களா?”

கடிதம் விளையாட்டல்ல. மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் நான் வரவில்லை. மறுவாரம் பெற்றார் கையொப்பம் கேட்டார். “என்ட வாப்பா மௌத்தாகிட்டார் சேர்” என்றேன். “அப்ப ஊட்டுல வேற ஆர் பெரிய ஆள்?” என்றார். அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். ‘என் உம்மா நல்ல பிள்ளை. ஏச வேண்டாம்.’ வாசித்தார். மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்தார். அன்று முழுக்க யாரையும் அதட்டவில்லை.

ராகிங்கும் கேட்டுப் போனார். எங்களுக்கு முந்திய பிரிவில் எஞ்சியிருந்தது ஒரு டீச்சர், கையில் பால்குடிப் பிள்ளையோடு. “டீச்சர், நீங்க சீனியர். என்ன ராக் பண்ணோணும்.” அவ நிமிர்ந்து பார்த்தா. “நல்ல காலம் வந்தீங்க சேர். புள்ளையப் புடிங்க, நான் சோறு திண்டுட்டு வாறன்.” அவ வரும்வரை, அந்தப் பெரிய பிரதி அதிபர் பிள்ளையைத் தோளில் போட்டு வராந்தாவில் நடந்தார். வகுப்புக்குத் திரும்பியபோது அவர் முகத்தில் பெருநாள். “என்னயும் ராக் பண்ணிட்டாங்க!”

ஒரு மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் இதற்கெல்லாம் காரணம் சொன்னார். “உயர்தரம் முடிஞ்ச கையோட நியமனம் வந்திச்சி தங்கச்சி. பட்டம் வெளிவாரி. கூடப் படிச்ச பெச் எண்டா ஊட்டு மேசையும் நானும்தான். கம்பஸ் எண்டா பஸ் யன்னலால பாத்ததோட சரி.” அதற்குப் பிறகு மீன் முள்ளை மிகக் கவனமாக எடுத்தார்.

பாடங்கள் முடிந்தன. ஆய்வுக்காக மட்டும் சனிக்கிழமைகளில் கூடினோம். காற்று மாறும்போது கடற்கரைக் குடிசைகளான வாடிகளை மாற்றிப் போகும் மீனவர் குடும்பங்களின் பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் போவதுதான் அவருடைய ஆய்வு. எல்லோருக்கும் முந்தி எழுதிவிட்டார், முடிவுரை தவிர. எழுதுவார், கிழிப்பார். ஒவ்வொருவராக நாங்கள் ஒப்படைத்தோம். பதிவுக்காலம் முடியும் தறுவாய். அதற்குள் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை, பட்ட பாடெல்லாம் வீண். சொல்லிப் பார்த்தோம். “வசனம் சரியா வருதில்ல” என்றார்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு முன்பே போய்க் கரும்பலகை மூலையில் எழுதினேன்: ‘இன்னும் ஒப்படைக்காதோர்.’ கீழே ஒரேயொரு பெயர். மொனிட்டர்.

வந்தார். வாசித்தார். “என்ன தண்டன?”

உடப்பு சேர்தான் வாய் திறந்தார். “வாங்குல ஏறி நிக்கோணும். சட்டம் நீங்க போட்டதுதானே?”

செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு ஏறினார். நரைத்த தலையில் நட்சத்திரங்கள் இடித்தன. நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கையில் மேலேயிருந்து மெல்லச் சொன்னார்:

“முடிச்சிட்டா சனிக்கிழமையில நான் எங்க போற?”

கடதாசி சரசரத்தது. மணி அடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆசிரியர்கூட அசையவில்லை.

“நீங்க இடாப்பு கூப்பிடுங்க சேர்” என்றேன். “எங்க இருந்தாலும் நாங்க வருவம்.”

“எல்லாருமா?”

“ஓம் சேர்!” நாலாம் வகுப்பு ராகத்தில் அத்தனை குரலும்.

கடைசித் தவணைக்குள் முடிவுரை வந்துவிட்டது. ஒப்படைக்கத் தானே கம்பஸுக்குப் போனார். கொடுத்துவிட்டு, ஆளில்லாத ஒரு விரிவுரை மண்டபத்தின் கடைசி வாங்கில் காவலாளி வந்து எழுப்பும்வரை இருந்தாராம்.

இப்போதும் சனிக்கிழமைக் காலையில் ஃபோன் அடிக்கிறது. ஒரே அழைப்பில் நாங்கள் எல்லோரும். எலுவன்குளம் வயல் வரப்பில். உடப்பின் பின்னால் எழுந்து விழும் கடலிரைச்சல். நான் குசினியில், கையில் பாதி வெட்டிய மீனோடு. “ஆலங்குடா?” என்கிறது அந்தக் குரல்.

“வந்திருக்கன் சேர்.”

“உம்மா, ஃபோனுக்கு என்னத்துக்கு கதிரைய விட்டு எழும்புறீங்க?” என்று மகள் சிரிக்கிறாள்.

உட்கார்ந்துகொண்டு சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.