டர்ன் அவுட் சார் கொடுத்த வாக்கு

திருச்சியில் எந்தக் காரியமும், எங்கள் ஹெட்கிளார்க் வாயைத் திறந்து அதற்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லும்வரை முடிந்ததாக அர்த்தமில்லை. அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் ஆஜர் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் ‘டர்ன் அவுட்’ சார்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. தமிழ் மீது அவருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு.

“என்னய்யா பாஷை? கல்யாணம் ஆச்சு, சாப்பாடு ஆச்சு, வேலை போச்சு, உயிர் போச்சு. எதுக்கெடுத்தாலும் ஆச்சு, போச்சு! வெள்ளைக்காரனைப் பாருங்க. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியா வச்சிருக்கான்!”

கூடி வந்த காரியம் கடைசி நிமிஷத்தில் கைநழுவினால் ‘ஃபெல் த்ரூ’. தடபுடலாகக் கிளம்பி நமுத்த பட்டாசு மாதிரி அடங்கினால் ‘ஃபிஸில்ட் அவுட்’. இடித்து, மின்னி, ஒன்றும் ஆகாமல் கலைந்தால் ‘ப்ளூ ஓவர்’. எங்கள் வெள்ளைக்கார துரை மேஜையைக் குத்திக் கத்திவிட்டுப் போன மறுகணம் டர்ன் அவுட் சார் எங்கள் பக்கம் திரும்பி, ‘ப்ளூ ஓவர்’ என்பார். அதற்கப்புறம்தான் நாங்கள் மூச்சு விடுவோம்.

காபி கிளப்பில் ஒருநாள் அடை கேட்டார். தோசை வந்தது. அவர் கோபிக்கவில்லை. “தி அடை எண்டட் அப் அஸ் எ தோசை” என்று, அதாவது அடை தோசையாய் முடிந்தது என்று, சர்வரிடம் நிதானமாகச் சொன்னார். ஏதோ பயங்கரமாகத் திட்டுகிறார் என்று பயந்த சர்வர், தோசை மிதக்கும் அளவுக்குச் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனார்.

பட்டப்பெயர் வந்தது பாலக்கரையில். எங்கள் ரிக்கார்டு கீப்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். வீடு முழுக்க அழுகை. டாக்டர் வந்து பார்த்து, வெறும் வாயு என்றார். டர்ன் அவுட் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இட் டர்ன்ட் அவுட் டு பி காஸ்!” என்று கூவினார். கடைசியில் பார்த்தால் வாயுதான் என்று அர்த்தம். உள்ளே இருந்த ரிக்கார்டு கீப்பரின் மனைவி, எல்லாம் முடிந்ததைத்தான் இங்கிலீஷில் அறிவிக்கிறார்கள் என்று எண்ணி, முன்னைவிடப் பெரிதாக ஓலமிட்டார்.

ஆனால் மனிதருக்கு ஒரு விரதம் இருந்தது. ஒரு காரியம் முடியுமுன் அதன் முடிவைப் பற்றி வாய் திறக்க மாட்டார். “மழை வருமா சார்?” என்று கேட்டால், “வந்தப்புறம் கேளுங்க” என்பார். இந்த விரதம் என் தலையில் வந்து விடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஈரத் தலைப்பைப் பிழிந்துகொண்டே தம்பியை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அதட்டலிலேயே நான் கவிழ்ந்தேன். விசாரித்தால், உறையூரில் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவரின் மகள். ஜாதகம் பொருந்தியது. இரு வீட்டாருக்கும் சம்மதம்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு சடங்கு. பையன் எப்படி என்று அவன் மேலதிகாரிக்குப் பெண் வீட்டார் ஒரு கடிதம் போடுவார்கள். ‘தங்கமான பையன்’ என்று பதில் போகும். மூக்குப்பொடியும் சீட்டாட்டமுமாகத் திரிந்தவர்களெல்லாம் அந்தப் பதிலில் கரையேறியிருக்கிறார்கள். வாத்தியாரோ இங்கிலீஷில் கேட்டுவிட்டார்: இந்தப் பையன் பிற்காலத்தில் எப்படி ‘டர்ன் அவுட்’ ஆவான்?

உலகத்தில் வேறு யாரிடமாவது அதைக் கேட்டிருக்கக் கூடாதா! ஆபீஸ் காகிதத்தில், கையெழுத்தோடு, ஒற்றை வரி போனது: ‘இட் ரிமெய்ன்ஸ் டு பி ஸீன்.’ இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

உறையூரில் அதை வைத்து எனக்குக் குடிப்பழக்கமும் எங்கேயோ இன்னொரு குடும்பமும் கற்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் என் ஜாதகம் தபாலில் திரும்பி வந்தது.

அதை அவர் மேஜையில் விட்டெறிந்தேன். “என் வாழ்க்கையையே கெடுத்துட்டீங்களே சார்!”

“நான் ஒண்ணும் தப்பா எழுதலையே. உங்க வாழ்க்கை இன்னும் முடியலை, அதனால...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று முழுவதும் ஒரு காகிதத்தைக்கூடப் புரட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு உறையூருக்குப் போனார். நான் வண்டியிலேயே பதுங்கியிருந்தேன். வாசலிலேயே வாத்தியார் அவரை மடக்கினார்.

“எழுதினது போதாதுன்னு நேர்லயும் வந்தீங்களா?”

“பையன் நல்லா வருவார்னு சொல்ல வந்தேங்க.”

“அன்னிக்குத் தெரியாதது இன்னிக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“இன்னிக்கும் தெரியாதுங்க. தெரியாமலேதான் சொல்றேன். ஹி வில் டர்ன் அவுட் வெல். தப்பாப் போச்சுன்னா என்னை வந்து கேளுங்க.”

அங்கவஸ்திரத்தால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டது வண்டியிலிருந்தே தெரிந்தது. வாத்தியார் வாசலை விட்டு விலகி வழிவிட்டார். பிறகு, “உள்ள வாங்க, மோர் சாப்பிடலாம்” என்றார். “என்னங்க, கண்ணுல தூசி விழுந்துடுச்சா?” என்று கேட்டார் ஜட்காக்காரர். ஆமாம் என்றேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதோடு அவருக்கு நிம்மதி போயிற்று. வாழ்நாளில் முதல் தடவையாக முன்கூட்டிச் சொல்லிவிட்டாரே, அது பொய்த்துவிடக் கூடாதே! பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் தம் வீட்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

“உன்னை ஒழுங்கா வச்சிருக்காராம்மா?” என்று என் மனைவியைக் கேட்பார். நான் கைதி மாதிரி பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் சீட்டாடித் தோற்றுவிட்டு வந்து நான் அவளிடம் இரைந்தது வாசலில் கேட்டுவிட்டது. காபியைத் தொடவே இல்லை. “உங்களை நம்பித்தானே சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சீட்டாட்டத்தை அன்றே விட்டேன்; கோபத்தையும் பெரும்பாலும் விட்டேன். இப்படிப் பதினாறு வருஷம்.

நாற்பதுகளில் அவர் படுத்த படுக்கையானார். ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பார்த்தோம். என் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டு, “நான் சொன்னது சரியா இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். குழந்தை மாதிரி பயந்த முகம்.

“ரொம்பச் சரியா இருந்துச்சு சார்” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

பெற்ற தகப்பன்கூட என்னை அப்படி நம்பியதில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. அவர் வரமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் மனைவி ஒரு டம்ளர் காபி அதிகமாகப் போடுகிறாள்; நானும் ஏன் என்று கேட்பதில்லை.