போடிமெட்டு வளைவில் ஒரு தம்பனம்

ஒரு தொழிலில் புழங்கும் பெயர்கள் வாயில் நுழைந்துவிட்டாலே தொழிலே கைவந்துவிட்டதாக நினைக்கும் வியாதி சிலருக்கு உண்டு. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

எழுபதுகளின் கடைசி. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சந்தையில் தாயத்து விற்கிறவர் வாராவாரம் கூவுவதைக் கேட்டுக் கேட்டு, மாந்திரீகத்தின் எட்டுக் கர்மங்களும் எனக்கு மனப்பாடம். வசியம் என்றால் ஆளைத் தன் பக்கம் வளைப்பது; மோகனம் என்றால் மயக்குவது; தம்பனம் என்றால் ஓடுவதை நிறுத்துவது; உச்சாடனம் என்றால் விரட்டுவது; ஆகர்ஷணம் என்றால் நாம் இருக்கும் இடத்துக்கே இழுப்பது; பேதனம் என்றால் பிரிப்பது; வித்வேஷணம் என்றால் பகையாக்குவது; மாரணம் என்றால் கதையையே முடிப்பது. (தாயத்து ஒன்றுகூட வாங்கியதில்லை. எல்லாம் ஓசிப் படிப்பு.)

அந்தச் சமயத்தில்தான் போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் அப்பா. பின்னால் நானும், வழியில் ஏறிக்கொண்ட, ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களும். ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமே என்பது அப்பாவின் கவலை. எட்டுக் கர்மங்களையும் அந்தப் பெண்களுக்கு விளக்கி முடிக்க வேண்டுமே என்பது என் கவலை.

"தம்பனம் போட்டா எதையும் நிறுத்திப்புடலாமா அப்பு?" என்று கேட்டாள் மாரியக்கா என்பவள்.

"எதையும்!"

"எங்க, இந்த வண்டிய நிறுத்துங்க பாப்பம்."

கையை உயர்த்தி, கண்ணை மூடி, வாய்க்கு வந்ததை முணுமுணுத்தேன். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு ஒரு குலுக்குக் குலுக்கிப் புகை விட்டு நின்றது.

"ஆத்தாடி! நிறுத்திப்புட்டாகளே!"

யோக்கியனாக இருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பான். நான் மெல்லத் தலையாட்டிப் புன்னகைத்தேன்.

டிரைவர் இறங்கி வந்தார். "நிறுத்துனது நீங்கன்னா வெரசா எடுத்து விடுங்க அண்ணே. எனக்கு வேற லோடு இருக்கு."

கட்டத்தான் தெரியும், அவிழ்க்கும் பாடத்தைத் தாயத்துக்காரர் நடத்தியதே இல்லை. உச்சாடனம் என்றேன், ஆகர்ஷணம் என்றேன். வண்டி அசையவில்லை. (மாரணத்தைத் தொடவில்லை. பிறகு ஜீப்புக்கு யார் பதில் சொல்வது?) பின்னால் வந்த இன்னொரு ஜீப்பில் பெண்கள் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டிரைவர் என்ஜினில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "தள்ளுங்க" என்றார். வண்டியை இறக்கம் பார்த்துத் திருப்பி, அப்பாவும் நானும் பட்டு வேட்டியோடு தள்ளினோம். அப்பா தள்ளியதைவிடத் திட்டியதே அதிகம்.

ராகுகாலத்தின் நட்டநடுவில் போய் இறங்கினோம். வாசல் முழுக்க வேப்பிலை. முற்றத்து ஓரத்தில் மாரியக்கா என்னைக் கும்பிட்டபடி நின்றாள். அவள் காய் எடுப்பது அந்த வீட்டுத் தோட்டத்தில்தான்; தம்பனக் கதை எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது!

என்னைக் கதவோரமாக உட்காரவைத்தார்கள். பெண்ணின் அம்மா காப்பித் தம்ளரைத் தரையில் வைத்து, எட்ட நின்று என் பக்கம் நகர்த்தினார். பெண் வசந்தா வந்தாள், கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்தபடி.

"உங்களுக்கு வசியம் தெரியுமாமே?"

நான் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தேன்.

"தெரிஞ்சவுக எதுக்கு ஜீப்பு பிடிச்சு மலையேறி வந்தீக? வீட்ல இருந்தபடியே என்னைய இழுத்திருக்கலாம்ல?"

முதலில் சிரித்தது என் அப்பாதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வண்டி தானாத்தான் நின்னுச்சு" என்றேன்.

அவள் என் வேட்டியில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள். பழத்தை அம்மாவின் கையில் கொடுத்தாள். "ஆத்தா, இதப் பிழிஞ்சு சாறாக்கிக் கொண்டா. பாவம், தள்ளிக் களைச்சு வந்திருக்காக."

அந்தச் சாற்றைக் குடித்த கையோடு நிச்சயம் ஆனது. இன்றைக்கும் மாமியார் வீட்டில் எனக்குக் காப்பி கிடையாது. காரில் போய் இறங்கினாலும் வசந்தாவின் தம்பிகள் எலுமிச்சைச் சாற்றை நீட்டி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்பார்கள்:

"தள்ளிக்கிட்டா வந்தீக, மச்சான்?"