கம்பெனி வரப்போகும் நிலம்

காத்திருக்கும் மனிதர்களில் பல ரகம் உண்டு. ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் விளையும் ரகத்துக்குக் ‘கம்பெனி வருது’க்காரர் என்று பெயர். ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கள் ஊருக்குத் திம்மப்பன்.

ஊர் வரலாற்றை அவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார். முதலில் கேழ்வரகு, பிறகு தக்காளி, அப்புறம் பூ, இப்போது பிள்ளைகளெல்லாம் ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில். இத்தனையும் நடந்தது அவர் நிலத்துக்குக் கம்பெனி வருவதற்கான முன்னேற்பாடாம். கிணற்றைத் தூர்வார மாட்டார், வேலி கட்ட மாட்டார், ஒழுகும் கூரையை மாற்ற மாட்டார். “எல்லாம் இடிக்கப் போறதுதானே?” என்பார். யார் இடிப்பது? என்ன கம்பெனி? அதெல்லாம் கேட்கக் கூடாது.

இந்த வருஷம் அவர் மனைவி சென்னம்மா, அவரைக் கேட்காமலே கால் ஏக்கரில் சாமந்தி வைத்தாள். தூர்ந்த கிணற்றில் ஊறியதைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். மகள் ரேவதியைக் காலேஜில் சேர்த்தது அந்தப் பூவை நம்பித்தான். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. ஓசூரில் மெஷினுக்கு மெஷின் மாலை விழும் நாள்.

அப்போது பார்த்துப் பெங்களூர் கார் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி, மூன்று கால் ஸ்டாண்டை நட்டு, ஒற்றைக் கண்ணால் அவர் நிலத்தையே பார்த்தார்கள். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். திம்மப்பனுக்குப் புரிந்துவிட்டது. சர்வே!

“பயிர் நிக்கிற நெலத்தக் கம்பெனிக்காரன் தொடமாட்டான்மே. வெறும் நெலமா இருக்கோணும்.”

“ஒரே வாரம் பொறுங்களேன். பூ எடுத்துட்டு ஓட்டிக்கோங்க.”

“கம்பெனி பொறுக்குமா?”

சாயங்காலமே டிராக்டர் வந்தது.

மறுநாள் கார் வந்தது. அதிலிருந்து பட்டுப்புடவையில் ஒரு பெண்ணும் கோட்டுப் போட்ட ஒரு பையனும் இறங்கினார்கள். கல்யாணத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் போட்டோவாம். கேமராக்காரன் உழுத மண்ணைப் பார்த்துத் திகைத்தான். “யஜமான்ரே, நேத்து இருந்த பூவெல்லாம் எங்க?” கார் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

சென்னம்மா மண்ணுக்குள்ளிருந்து நசுங்காத பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்கப் போயிருந்த என் காதருகே திம்மப்பன் வந்தார்.

“கல்யாணமெல்லாம் சும்மா வேஷம். போட்டோவ ஹெட் ஆபீசுக்கு அனுப்புவாங்க, பாரு.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ‘எப்படியும் வேற வீடு போகப்போறோம்’ என்று நீங்கள் வருஷக்கணக்காகச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறீர்களே, ஒரு குழாய்? அதன் கீழே தினமும் பக்கெட் மாற்றுவது யார் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.