ஆறட்டும் அண்ணனும் தேட மறந்த கம்ப்யூட்டரும்

சும்மா உட்கார்ந்திருப்பதையே தொழிலாகச் செய்து, அதற்குக் கூலியும் கும்பிடும் வாங்கிய மனிதர் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே ஒருவர்தான். கீழ்புத்துப்பட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆறட்டும் அண்ணன்.

அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. எந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாலும் முதலில் "ஆறட்டும்பா" என்பார். ஒரு வாரமாக ஆன் ஆகாமல் சில்லென்று கிடக்கும் பெட்டிக்கும் அதே "ஆறட்டும்"தான். பிறகு வயிற்றின்மேல் கையைக் கோத்துக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவார்.

குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் ஒரு வெள்ளைக்கார அம்மா லேப்டாப்பில் டீயைக் கொட்டிவிட்டு இவரைக் கூப்பிட்டார். அண்ணன் அதைத் துடைத்து, ஃபேனுக்கடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். தூக்கம்தான். எழுந்து பார்த்தபோது லேப்டாப்பும் எழுந்துவிட்டது. தியானத்தாலேயே சரி செய்துவிட்டார் என்று அந்தம்மா கைகூப்பினார். அண்ணன் மறுக்கவில்லை.

மரக்காணத்தில் உப்பளக்காரர்கள் சங்கத்தில் நான் கிளார்க். எங்கள் செயலாளருக்கு அண்ணனைக் கண்டாலே ஆகாது. "அவன் குந்திக்கினு இருக்கறதுக்கு நாம ஏம்பா கூலி குடுக்கணும்?" என்பார்.

அப்படிப்பட்டவரே ஒரு நாள் காலையில், "அந்த ஆறட்டும் பயலக் கூப்புடு, சீக்கிரம்!" என்று அலறினார்.

காரணம் இருந்தது. உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் வரும் வாய்க்காலின் குறுக்கே, புதிதாக இறால் பண்ணை போட்டவர் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார். "இங்க வாய்க்காலே கிடையாது, எனக்கு இந்தப் பக்கமே தெரியாது" என்று அதிகாரியிடம் சொல்லியும் வைத்துவிட்டார். தண்ணீர் வராவிட்டால் அந்த சீசனில் உப்பு கிடையாது, பாத்தியில் இறங்குகிறவர்களுக்கு வேலையும் கிடையாது. மத்தியானம் அதிகாரி நேரில் வருகிறார். வாய்க்காலைத் தூர் வாரியபோது எடுத்த பழைய போட்டோக்கள், 'வாய்க்கால்' என்ற பெயரோடு எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன.

ஆனால் கம்ப்யூட்டர் முந்தின நாள்தான் தன்னை அப்டேட் செய்துகொண்டிருந்தது. 'வாய்க்கால்' என்று தேடினால் பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்து, கடைசியில் செயலாளர் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையைக் காட்டியது. மண்டபத்துக்கு வழி: வாய்க்கால் எதிரில். கையால் தேடலாம் என்றால், செயலாளர் போல்டர்களுக்கு வைத்திருந்த பெயர்கள் 'புதுசு', 'புதுசு புதுசு', 'இதுதான்'. ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு 'இதுதான்'.

அண்ணன் வந்து எங்கெங்கோ திறந்து பார்த்தார்.

"எந்த போல்டர்ல என்னா இருக்குதுன்னு இது ஒரு குறிப்பு வச்சிருக்கும். அப்டேட்ல அது கெட்டுப்போச்சு. போட்டோ இருக்கற டி டிரைவு அதுல இல்லவே இல்ல. இப்ப சேத்துட்டேன். முதல்லேர்ந்து குறிப்பெடுன்னும் சொல்லிட்டேன்."

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் செயலாளர்.

"ஆறட்டும்."

செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. பொறுக்க முடியாமல் மவுஸை ஆட்டினார், தட்டினார், மறுபடி தேடினார்.

"தொடாதீங்க சார்! நீங்க நோண்டிக்கினே இருந்தா அது வேலைய விட்டுட்டு உங்களையே பாத்துக்கினு நிக்கும்" என்ற அண்ணன், மவுஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார்.

வாழ்நாள் முழுக்க அவர் சொல்லிவந்த வார்த்தை அன்றைக்குத்தான் நிஜமாகவே வைத்தியம். அன்றைக்குப் பார்த்து ஆபீஸில் ஒருவரும் அதை நம்பவில்லை, நான் உட்பட.

அதிகாரி அம்மா வந்துவிட்டார். பின்னாலேயே வெள்ளை வேட்டியில் இறால் பண்ணைக்காரர். வாசலில் உப்பளத்து ஜனங்கள் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். நான் டீ கொடுத்தேன்.

"போட்டோ இருந்தா காட்டுங்க. நான் கிளம்பணும்" என்றபடி அதிகாரி கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஆறட்டும் மேடம்" என்றார் அண்ணன்.

டீயைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அந்தம்மா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். டீயில் ஆடை படிந்தது. பண்ணைக்காரர் மீசையைத் தடவிச் சிரித்தார். செயலாளர் எந்தச் சாமி பெயரையோ முணுமுணுத்தார்.

அண்ணன் நிதானமாக மவுஸை எடுத்து மாட்டித் தேடினார். முதலில் காதுகுத்து. செயலாளர் தலையில் கை வைத்தார். அதன்கீழ் ஒரு போட்டோ. இன்னொன்று. அப்புறம் திரை நிறைய.

பெரிதாக்கிய படத்தில், இடுப்பளவு சேற்றில் பனியனோடு செயலாளர். சுற்றிலும் மண்வெட்டியோடு ஆட்கள். கரையில் கையில் சோடா பாட்டிலோடு, தூர் வாரும் முன் போட்ட பூஜைக்கு வந்த விருந்தாளியாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றவர் சாட்சாத் இறால் பண்ணைக்காரர்.

"இது நீங்கதானே?" என்றார் அதிகாரி.

"அது... வேற வாய்க்கால் மேடம்."

"அப்படியா? பின்னாடி இந்த ஆபீஸ் போர்டே தெரியுதே?"

மண்ணை உடனே அள்ளச் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் பாத்திகளுக்குத் தண்ணீர் வந்தது.

இப்போது கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அவ்வப்போது செயலாளரே போன் போடுகிறார். "என்னமோ ஸ்லோவா இருக்குதுப்பா, வந்து பாரேன்." அண்ணனும் வருகிறார். ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெட்டி எதிரில் கையைக் கோத்து உட்கார்ந்து அப்படியே தூங்கிவிடுகிறார். ஆபீஸ் பூட்டும் நேரம் தாண்டியும், அவரை எழுப்ப எங்கள் யாருக்கும் மனசு வருவதில்லை.