பாலசுப்ரமணியனின் சனிக்கிழமை கனெக்‌ஷன்

உடம்பில் உயிர் இருக்கிறவரை வேகமான இன்டர்நெட்டை வீட்டுக்குள் விடுவதில்லை என்று பாலசுப்ரமணியன் சபதம் செய்திருந்தார்.

அவருக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் உத்தியோகம். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வாடகை வீடு. 2005-ம் வருஷம், தெருவில் எல்லா வீட்டுக்கும் கேபிள் இன்டர்நெட் வந்தாகிவிட்டது. இவர் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் டயல்-அப் மோடத்தில் போன் ஒயரைப் பிடித்துக்கொண்டு, "கீ... கொர்ர்ர்..." என்று தொண்டையைச் செருமும். ஒரு பக்கம் திறப்பதற்குள் சாப்பிட்ட இட்லி ஜீரணமாகிவிடும்.

கேபிள்கார நூர் முகமது மூன்று தடவை வந்து பார்த்தார்.

"சார், கனெக்‌ஷன் போட்டுடவா?"

"நக்கோ பாய், வேணாம்."

"கைக்கு சார்? ஏன் வேணாம்?"

"வேகம் உடம்புக்கு ஆகாது."

உண்மைக் காரணம் வேறு. ஆபீசில் யார் வீட்டில் வேகமான லைன் உண்டோ, அவர்கள் தலையில் சனிக்கிழமை வேலை விழும். மேனேஜர் கிருஷ்ணபிரசாத்திடம் பாலசுப்ரமணியன், "வீட்ல நெட் படு ஸ்லோ சார், ஒண்ணும் செய்ய முடியாது" என்று கைவிரித்துவிடுவார். வீட்டில் மனைவியிடமோ கதை நேர்மாறு. "மங்கை, இன்னிக்கு ஆபீஸ் வேலை தலைக்கு மேல. நெட் ஸ்லோ. சாயங்காலம் வரைக்கும் ஆகும். யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே மின்விசிறி, தலை சாய்க்கக் கம்ப்யூட்டர் மேஜை, சுகமான தூக்கம். ஒரே மோடத்தை வைத்து ஆபீசையும் ஏமாற்றினார், வீட்டையும் ஏமாற்றினார்.

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மனைவி மங்கையர்க்கரசி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, உங்க மேனேஜர் வந்திருக்கார்."

பாலசுப்ரமணியன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். கூடத்தில் கிருஷ்ணபிரசாத் உட்கார்ந்து மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசி. தமிழே அவர் வாயில் பாதி தக்னி உருதுவாகத்தான் வரும்.

"வாங்க பாலு! நெட் இல்லாம சனிக்கிழமை வேலையே செய்ய முடியலைனு சொன்னீங்கல்ல? கம்பெனி செலவுல ஃபாஸ்ட் கனெக்‌ஷன் போட்டுத் தர்றேன். ஹவ்வா, நக்கோவா? வேணுமா, வேணாமா, சொல்லுங்க!"

மங்கை கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது.

"வேலையே செய்ய முடியலையா?" என்று கேட்டாள், கணவனைப் பார்த்து.

இரண்டு பொய்யும் ஒரே கூடத்தில், ஒரே சோபாவுக்கு முன்னால் சந்தித்துக்கொண்டன. பாலசுப்ரமணியனின் வாய் திறந்தது. ஆனால் அதுவும் டயல்-அப்பாக இருந்தது. "கீ..." என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது.

மங்கை சொம்பை மேஜையில் வைத்தாள்.

"ஆமா சார். பாவம், காலைல உக்காந்தா சாயங்காலம்வரை முயற்சி பண்ணுவார். ஒண்ணும் நடக்காது."

"அதான் கேபிள் போட்டுடலாம்னு..."

"முடியாதே சார். சுவத்துல ஓட்டை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிச்சதுக்கே ஒரு மாசம் பேசலை."

ஹவுஸ் ஓனர் விஜயவாடாவில் இருந்தார். சுவர் என்ன நிறம் என்றுகூட அவருக்கு மறந்துபோயிருக்கும். பாலசுப்ரமணியன் பலமாகத் தலையாட்டினார்.

கிருஷ்ணபிரசாத் உச்சுக்கொட்டினார். இரண்டாவது கிண்ணம் மிக்சரை முடித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனார். சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும், பாலசுப்ரமணியன் சோபாவில் பொத்தென்று விழுந்தார். வேலை போகவில்லை. மானம் போகவில்லை. மாதக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து வெளியே போனதுபோல இருந்தது.

"மங்கை, நீ தெய்வம்."

"அது இருக்கட்டும். நீங்க உள்ள தூங்கறது எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்."

"எ... எப்படி?"

"வெளிய வரும்போது கன்னத்துல கீபோர்டு கட்டம் கட்டமாப் பதிஞ்சிருக்கும். போதாததுக்குக் குறட்டை வேற."

"தெரிஞ்சுமா காப்பாத்தினே?"

"வேகமான லைன் வந்தா உங்களை ஆபீஸ் எடுத்துக்கும். இது இப்படியே இருந்தா நான் எடுத்துக்கலாம்ல?"

பாலசுப்ரமணியன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப மேனேஜர் இன்னிக்குத் திடீர்னு வந்தது...?"

"நான்தான் போன் பண்ணேன். 'நெட் இல்லாம தவிக்கிறார், வந்து பாருங்க சார்'னு. நீங்க மாட்டினாத்தானே நான் கேக்கறதுக்குச் சரின்னு சொல்வீங்க?" அவள் கைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினாள். "கார் ஓட்டக் கத்துக்கப் போறேன். சனிக்கிழமை காலை பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும். சமையல் உங்களுது. ஸ்ரேயாவும் உங்க பொறுப்பு."

பாலசுப்ரமணியன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் தண்டனை சின்னதுதான். கத்தவில்லை, அழவில்லை, அம்மா வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. ஒரு சாம்பாரோடு போகிறதே என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. முதல் சாம்பாரை மோசமாக வைத்துவிட்டால் மறுவாரமே விடுதலை கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கும் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை உப்பைக் கொஞ்சம் கூட்டி, புளியை நிறையக் கரைத்து சாம்பார் வைத்தார். எட்டு வயது மகள் ஸ்ரேயா ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"அம்மா! அப்பா சாம்பார் சாலா பாகுந்தி! ரொம்ப நல்லாருக்கு!" என்று பள்ளித் தெலுங்கும் தமிழுமாகக் கத்தினாள்.

அந்த நிமிஷமே பாலசுப்ரமணியனுக்கு அடுப்படி உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது.