காசிராஜனின் நீலப் பதிவேடு

கர்ப்பத்தை ஆபீஸ் முறைப்படி நடத்திக் காட்டிய முதல் மனிதர் என்ற கீர்த்தி, கோவில்பட்டித் தாலுகாவைப் பொறுத்தவரை, தலைமைக் குமாஸ்தா காசிராஜனையே சாரும். அவர் மனைவி இசக்கியம்மாளும் இதில் ஓரளவு பங்கெடுத்துக்கொண்டாள் என்பதை மறைப்பதற்கில்லை.

1983-ஆம் வருஷம். ஆறாம் மாதத்தில் டாக்டர் கிருபா அவள் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "கர்ப்பத்தால வந்த சர்க்கரை. பிரசவம் ஆனா பெரும்பாலும் போயிரும். அதுவரைக்கும் கவனிக்கலன்னா பிள்ளை உள்ளேயே ரொம்பப் பெருத்து, பிரசவம் கஷ்டமாயிரும்" என்றார்.

இனிப்பு கூடாது. சோற்றைக் குறைத்து, கம்பு, பயறு, கீரை, முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் நடக்க வேண்டும். வீட்டிலேயே தினமும் நீல மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் உடனே ஓடி வர வேண்டும்.

இசக்கியம்மாள் 'ஆறு வேளை' என்பதைக் காதில் வாங்கிக்கொண்டாள். காசிராஜன் 'நீலம்' என்பதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அன்றே நீள நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டார். தேதி, நேரம், நிறம், 'மேலதிகாரியின் குறிப்பு'. மேலதிகாரி அவரே. காலையில் குளித்து, திருநீறு பூசி, ஸ்பிரிட் விளக்கின் முன் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயைக் காய்ச்சினார். முதல் நாள் பச்சை.

"ஏட்டி, இதுக்கு என்ன விளக்கம் சொல்லுதே?"

"ரெண்டு இட்லி தின்னேன்."

"இட்லி ரத்து."

மறுநாள் இளம்பச்சை. கம்பங்கூழ் 'மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டது'. அடுத்தது பயறு. நான்காம் நாள் மோரும் கீரைத்தண்ணியும் தவிர அவள் வயிற்றில் ஒன்றுமில்லை. குழாயில் அப்பழுக்கற்ற நீலம்! நோட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய் மேஜை மேஜையாகக் காட்டினார். கழுகுமலை பஸ்ஸில் கண்டக்டரும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம்.

"எனக்குத் தல சுத்துது" என்றாள் இசக்கியம்மாள்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லியே" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

ஐந்து நாள் தொடர்ந்து நீலம். அதற்கு மறுநாள் தெருக்குழாயடியில் குடத்தோடு சாய்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேதி கேட்டுக் காசிராஜன் வெறுங்காலோடு ஓடி வந்தார். செருப்பை ஆபீசில் விட்டுவிட்டார், நோட்டை விடவில்லை.

டாக்டர் அவள் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். அந்த ஒரு நிமிஷமும் காசிராஜன் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"துடிப்பு நல்லா இருக்கு" என்றார் டாக்டர். பிறகுதான் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"எல்லாம் நீலம், டாக்டரம்மா" என்றார் இவர்.

"பட்டினி போட்டா நீலந்தான் வரும். சர்க்கரையக் குறைக்கச் சொன்னேனா, பொண்டாட்டியக் குறைக்கச் சொன்னேனா?"

இருபது வருஷ சர்வீஸில் பதில் எழுத முடியாத முதல் மெமோ அது.

அன்றிலிருந்து அடுப்படி அதிகாரம் இசக்கியம்மாள் கைக்குப் போயிற்று. அளவாக ஆறு வேளை சாப்பிட்டாள். சாப்பிட்டதும் கோயில் வீதியைச் சுற்றி நடந்தாள். இளம்பச்சை வந்தால், அன்று எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யோசித்து, மறுநாள் அதில் ஒரு கை குறைத்தாள். காசிராஜன் எழுத மட்டும் அனுமதிக்கப்பட்டார். மாதா மாதம் எடுத்த ரத்தச் சோதனை டாக்டருக்குத் திருப்தி.

பெண் பிறந்தது, மூன்று கிலோ. தாயின் ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கிவிட்டது.

ஆபீசில் காசிராஜனுக்குப் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். "சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது முழுக்க முழுக்க நிர்வாகத் திறமை" என்று முக்கால் மணி நேரம் பேசினார். போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்தவர், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார்:

"ஏட்டி இசக்கி, அடுத்த பேறுகாலத்துக்கு இன்னும் பெரிய நோட்டா வாங்கணும்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்குங்க. அடுத்தத நீங்க சுமங்க, நோட்ட நான் எழுதுதேன்."