மெல்போர்ன் வீட்டுக்குப் பாயிண்ட் பார்த்தவர்

மெல்போர்ன் நகரத்தில் விலைக்கு வந்த வீடுகளைத் தேங்காய் வைத்துச் சோதித்த முதல் மனிதர் எங்கள் தெருக்காரர். அதுவும் திருச்செங்கோட்டை விட்டு ஓர் அடி நகராமல் சோதித்தார். இந்தப் பெருமைக்கு வேறு யாராவது உரிமை கொண்டாடினால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஊருக்கெல்லாம் அவர் பாயிண்ட்காரர். எங்கள் ஊரில் போர் போடும் ரிக் வண்டி நிற்காத தெரு கிடையாது. அந்த வண்டி எந்த இடத்தில் துளை போட வேண்டும் என்று குறித்துக் கொடுப்பதற்குத்தான் பாயிண்ட் பார்ப்பது என்று பெயர். இவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். கீழே தண்ணீர் ஓடினால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். நிஜமாகவே நிற்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். நின்றதைப் பார்த்திருக்கிறேன். நின்ற இடத்தில் போர் போட்டு வெறும் புழுதி பறந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் பார்க்காமல் அவரால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் மொய் எழுதுவதற்கு முன்பே, தாம்பாளத்தில் இருந்த தேங்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் நடந்தார்.

“ஏனுங் சாமி, நல்ல ஓட்டத்து மேல கொண்டுபோயி அடுப்ப வெச்சுப்போட்டீங்களே!”

என் மனைவி அன்றைக்கு அவரை முறைக்க ஆரம்பித்தவள்தான், இன்னும் முடிக்கவில்லை.

தாயில்லாமல் வளர்த்த ஒரே மகள் நித்யாவுக்கு வரன் தேடியபோது, ஜாதகத்தைக் கேட்பதற்கு முன் அவர் ரத்த குரூப்பைக் கேட்டார். ஓ பாசிட்டிவ் ஆட்களின் கைக்குத்தான் தேங்காய் எழும்பும் என்பது அவர் கட்சி. நல்ல நல்ல பையன்கள் பி பாசிட்டிவ் என்ற ஒரே குற்றத்துக்காகத் திரும்பிப் போனார்கள். கடைசியில் கார்த்திக் கிடைத்தார். ஓ பாசிட்டிவ், பொறுமைசாலி, கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு நித்யாவைக் கூட்டிக்கொண்டு மெல்போர்னுக்குப் பறந்துவிட்டார். எந்த ஊரில் குடித்தனம் என்பதை மட்டும் நம்மவர் விசாரிக்க மறந்துபோனார்.

போன வருடம் நித்யா உண்டானாள். அந்த நேரம் பார்த்து வாடகை வீட்டுக்காரர், வீட்டை விற்கப் போகிறேன், காலி செய்யுங்கள் என்றார். கைக்குழந்தையோடு வீடு மாற்ற முடியாது, பிரசவத்துக்கு முன்னால் சொந்த வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். பேங்கும் சரி என்றது. ஆனால், “அப்பா பாத்து நல்லாருக்குன்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் பாருங்கள், அதில் தொடங்கியது வினை.

அங்கே சனிக்கிழமைதோறும் விற்பனை வீடுகளைத் திறந்து காட்டுவார்கள். பாயிண்ட்காரர் வீட்டில் சிக்னல் கிடைக்காது. ஆகவே சனிக்கிழமை விடிந்ததும் என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுவார். முதல் வீட்டில் நித்யா போனைப் பிடித்துக்கொண்டு ஹாலைக் காட்டினாள், தோட்டத்தைக் காட்டினாள், தரைக்கடியில் சூடு வருவதைக்கூடச் சொன்னாள்.

“அதெல்லாங் கெடக்குட்டும் அம்மிணி. மாப்பளைகிட்ட ஒரு தேங்காயக் குடுத்து நடக்கச் சொல்லு.”

“அப்பா, இங்க போர் போட முடியாதுங்ப்பா. கொழாய்லயே தண்ணி வருது.”

“போர் போடறது அப்பறம். அடியில தண்ணி இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?”

தேங்காய் கிடைப்பது அங்கே லேசில்லை. கடையில் இருந்ததெல்லாம் மொட்டைத் தேங்காய். குடுமி இல்லாத தேங்காய் எழும்பாதென்று இவர் ஒரே பிடி. இங்கிருந்து பார்சலில் அனுப்புகிறேன் என்று சாக்கும் சணலுமாகக் கிளம்பியவரை, அந்த நாட்டில் அப்படியெல்லாம் விடமாட்டார்கள் என்று நான்தான் தடுத்து உட்கார வைத்தேன். கார்த்திக் ஊரெல்லாம் அலைந்து ஓர் இலங்கைக்காரர் கடையில் குடுமியோடு ஒன்று பிடித்தார்.

அடுத்த சனிக்கிழமை கோட்டும் ஷூவும் போட்ட கார்த்திக், கையில் தேங்காயை ஏந்திக்கொண்டு ஒரு வீட்டின் படுக்கையறை, குளியலறை, கார் நிறுத்துமிடம் என்று மெதுவாக நடந்தார். வீடு பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏஜென்ட் இதை ஏதோ பூஜை என்று நினைத்துத் தன் ஷூவைக் கழற்றிவிட்டு மரியாதையாகப் பின்னாலேயே நடந்தார். இன்னொரு வீட்டில் அதே ஏஜென்ட் ஆசைப்பட்டுத் தேங்காயைக் கையில் வாங்கினார். இங்கே என் ஹாலிலிருந்து சத்தம் கிளம்பியது.

“அவரு ரத்தம் என்ன குரூப்புன்னு கேளுங் மாப்பளே! சும்மா ஆருகிட்டயும் குடுக்காதீங்!”

தேங்காயோடு நடந்த முதல் வீட்டில் அது எழுந்து நின்றது. நான் கைதட்டினேன். இவர் உதட்டைப் பிதுக்கி, “உப்புத் தண்ணியாட்டம் இருக்குது” என்றார். அந்த வீடு வேறு யாருக்கோ போனது. இரண்டாவது வீட்டிலும் நின்றது. “அடியில பாறைங்க, ஆவாது.” மூன்றாவதில் நன்றாகவே நின்றது. “ஓட்டம் பக்கத்து ஊட்டுக்குப் போகுது.” ஆயிரத்தெட்டு நொட்டை சொன்னார். நித்யாவுக்கு வயிறு தள்ளிக்கொண்டே வந்தது. வாடகை வீட்டுக்காரர் கழுத்தைப் பிடிக்காத குறை. ஒரு நாள் அவள் போனிலேயே உடைந்து அழுதுவிட்டாள்.

எனக்கு வந்தது கோபம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, “உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணா? தேங்காய்தான் நிக்குதே, இன்னும் என்ன?” என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து, “சித்த வாங்க சாமி” என்று என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு சங்ககிரி ரோட்டுப் பக்கம் போனார். அங்கே ஒரு காலி மனை. முள் இல்லாமல் சுத்தமாக வைத்திருந்தார். மூலையில் போர்க் குழாய் ஒன்று மூடி போட்டு நின்றது.

“அம்மிணிக்குங்க. வந்து ஊடு கட்டிக்கும்னு அது பள்ளிக்கூடம் போறப்பவே வாங்கிப்போட்டது. தண்ணி இளநியாட்டம் இருக்கும்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “அங்க வாடகை ஊட்டுல இருக்கற வரைக்கும் என்னைக்காவது திரும்பி வருமுன்னு ஒரு நெனப்புங்க. சொந்தமா வாங்கிப்புட்டா அப்பறம் எங்கீங்க வாரது?”

நான் போய் மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சாக்குப்போக்குத்தான் சொன்னாரே தவிர, நின்ற தேங்காயை அவர் நிற்கவில்லை என்று சொன்னதில்லை. அது அவர் சத்தியம். தன் காட்டு நிலத்தை நல்ல விலைக்கு விற்பதற்காகத் தண்ணீர் இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிச் சொந்த மச்சினன் காலில் விழுந்தபோதே, முடியாது போடா என்றவர்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வீடு. பின்னால் எலுமிச்சை மரம், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. நித்யா படியேற முடியாமல் மூச்சு வாங்கினாள், ஆனால் முகத்தில் ஆசை தெரிந்தது. கார்த்திக் தேங்காயோடு நடந்தார். ஹாலில் நடந்தார், அறை அறையாக நடந்தார், தோட்டத்தைச் சுற்றி வந்தார். தேங்காய் கல் மாதிரி படுத்துக் கிடந்தது. நித்யாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

“நில்லுங் மாப்பளே! எந்திரிச்சுது!”

“இல்லீங்களே மாமா, படுத்துத்தானுங்க இருக்குது.”

“உங்களுக்குத் தெரியாதுங்க. குடுமி தூக்குச்சு, நாம் பாத்தன். நல்ல தண்ணி அம்மிணி, வத்தாத தண்ணி. கையெழுத்தப் போட்டுரு.”

நித்யா அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கார்த்திக் தேங்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போனை வைத்ததும் நான் மெதுவாகக் கேட்டேன்.

“அண்ணா, தேங்காய் அசையவே இல்லையே?”

“அசையலதானுங்க.”

“அப்புறம்?”

“அங்க கொழாயத் தொறந்தாத் தண்ணி கொட்டுதுங்க சாமி. போன மொத நாளே போன்ல தொறந்து காட்டுச்சு. எனக்குத் தெரியாதுங்களா?”

சொல்லிவிட்டு வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலடியிலேயே இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் ஊரில் அதெல்லாம் பழக்கமில்லை. அதனால் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அதட்டி உட்கார வைத்தேன்.